எரிமலைகளும் புவித்தட்டுகளும்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, சயான் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் புவியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். பள்ளியில் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ படித்ததை வீட்டில் தமிழில் விளக்கச் சொல்லி அவர்கள் கேட்க, பெற்றோர் அந்தக் கேள்விகளை என்னிடம் கொண்டுவருவார்கள். எரிமலைப் பாடம் நடக்கும்போது வரும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

"எரிமலை என்பது மலையா, இல்லை மலையில் இருக்கும் ஓட்டையா?"

ஓட்டைதான் முதலில் வருகிறது. நிலத்துக்கு அடியில் உருகிய பாறை எந்த வழியாக வெளியேறுகிறதோ அந்த வழியே எரிமலை. வெளியேறிய குழம்பும் சாம்பலும் வாயைச் சுற்றிக் குவிந்து குவிந்து மலையாக உயர்வது பிறகு நடப்பது. சில இடங்களில் மலையே உருவாவதில்லை. பல கிலோமீட்டர் நீளமுள்ள பிளவு வழியாகக் குழம்பு வழிந்து சமவெளியாகப் பரவிவிடுகிறது. நம் மும்பையின் கதை அத்தகையது. அதற்குப் பின்னால் வருவோம்.

உருகிய பாறை நிலத்துக்குள் இருக்கும்வரை அதற்கு மாக்மா என்று பெயர். வெளியே வந்துவிட்டால் லாவா. வெளியே வரும்போது அதில் கரைந்திருந்த நீராவியும் பிற வாயுக்களும் பிரிந்துபோகின்றன. தேர்வில் வேறுபாடு கேட்டால் இந்த வாயுச் செய்தியையும் சேர்த்து எழுதுங்கள்.

"பூமிக்குள்ளே முழுக்க நெருப்புக் குழம்புதானே இருக்கிறது? ஓட்டை விழுந்த இடத்தில் அது வெளியே வருகிறது, அவ்வளவுதானே டீச்சர்?"

இல்லை. இந்த ஓர் எண்ணத்தை மாற்றிக்கொண்டால் பாடத்தின் பாதி தானாகவே விளங்கிவிடும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பூமியின் மேலோடு கடலுக்கு அடியில் ஏறத்தாழ 7 கி.மீ., கண்டங்களில் சராசரியாக 35 கி.மீ. தடிமன் கொண்டது. அதற்குக் கீழே ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழம் வரை இருப்பது கவசம். படங்களில் கவசத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சும் தீட்டிவிடுவதால் அது கொதிக்கும் கடல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கவசம் திடப்பாறை. அதற்கும் கீழே, இரும்பும் நிக்கலும் கலந்த வெளிக்கருவம் மட்டுமே முழுவதும் திரவமாக இருக்கிறது. எரிமலைக்கு வரும் குழம்பு அங்கிருந்து வருவதில்லை.

மனிதர் துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அதுவே 12 கி.மீ.க்குச் சற்று மேல்தான். அப்படியிருக்க 2,900 கி.மீ. ஆழத்தைப் பற்றி எப்படிச் சொல்கிறோம்? நிலநடுக்க அலைகள் சொல்கின்றன. அவற்றுள் இரண்டாம் நிலை அலைகள் திடப்பொருளின் ஊடே மட்டுமே செல்லக்கூடியவை. அவை கவசத்தைக் கடந்து செல்கின்றன, வெளிக்கருவத்தை அடைந்ததும் நின்றுபோகின்றன.

திடப்பாறை என்றால் அசையாது என்று பொருளில்லை. மழைக்காலத்துக்கு முன் சாலை போடக் கொண்டுவந்து வைக்கும் தாரைப் பாருங்கள். குளிர்ந்த தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் உடைகிறது. அதே கட்டியை ஒரு மூலையில் பல நாள் விட்டுவைத்தால் மெல்லத் தளர்ந்து பரவுகிறது. கவசப் பாறையும் அப்படியே, கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கில், திடமாக இருந்தபடியே நகர்கிறது.

"கவசம் திடம் என்றால் குழம்பு எங்கிருந்து வருகிறது?"

திடமாக இருக்கும் சூடான பாறை சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சிறிதளவு உருகுகிறது. அதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு, இரண்டையும் நம் வீட்டருகிலேயே பார்க்கலாம்.

முதலாவது, அழுத்தம் குறைவது. குக்கருக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதால் தண்ணீர் 100 டிகிரி செல்சியசைத் தாண்டி ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறிய பிறகே கொதிக்கிறது. அந்த நிலையில் அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால், அடுப்பை அணைத்திருந்தாலும் பருப்பு பொங்கிச் சீறி வெளியே வருகிறது. சூட்டை யாரும் கூட்டவில்லை, அழுத்தம் குறைந்தது, அவ்வளவே. கவசப் பாறையும் ஆழத்தில் மிகுந்த சூட்டில் இருந்தும் மேலிருந்து அமுக்கும் எடையால் உருகாமல் இருக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் அது மேலெழும்போது அமுக்கம் குறைகிறது, அதே சூட்டிலேயே அதன் ஒரு பகுதி உருகிவிடுகிறது.

இரண்டாவது, நீர் சேர்வது. சௌபாத்தியில் குல்ஃபி விற்பவர் பானையில் ஐஸ்கட்டியோடு கல்லுப்பைப் போடுவார். உப்புச் சேர்ந்த பனிக்கட்டி சுழியத்துக்குக் கீழான குளிரிலேயே உருகத் தொடங்கிவிடும். பனிக்கட்டிக்கு உப்பு எதைச் செய்கிறதோ, அதையே சூடான பாறைக்கு நீர் செய்கிறது: உருகுநிலையைக் கீழே இறக்குகிறது. உலகின் பல எரிமலைகளுக்குப் பின்னால் இருப்பது நெருப்பைவிட நீர் என்று சொன்னால் வகுப்பில் யாரும் முதலில் நம்புவதில்லை.

"புவித்தட்டும் கண்டமும் ஒன்றுதானே?"

ஒன்றல்ல. மேலோடும் அதையொட்டிய கவசத்தின் விறைப்பான மேற்பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 100 கி.மீ. தடிமனுள்ள பாறைக்கோளமாக இருக்கின்றன. அது உடைந்த துண்டுகளே புவித்தட்டுகள். பெரிய தட்டுகள் ஏழு, சிறியவை பல. ஒரே தட்டில் கண்டமும் கடலடியும் சேர்ந்தே இருக்கலாம். இந்தியத் தட்டில் நம் நாடு மட்டுமல்லாமல் அரபிக்கடலின் ஒரு பகுதியும் வங்காள விரிகுடாவும் அடங்கும். பசிபிக் தட்டிலோ பெரும்பாலும் கடலடிதான்.

"தட்டுகளை யார் தள்ளுகிறார்கள்? எவ்வளவு வேகத்தில்?"

வெப்பச்சலனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அது தவறில்லை, ஆனால் போதாது. கடலடித் தட்டு பிறந்த இடத்திலிருந்து விலக விலகக் குளிர்ந்து கனமாகிறது. கனமான ஓரம் கவசத்துக்குள் மூழ்கும்போது மீதித் தட்டையும் கூடவே இழுத்துச் செல்கிறது. கொடியில் போட்ட ஈரச் சேலை ஒரு பக்கம் அதிகம் தொங்கினால், அந்தப் பக்கத்தின் எடையே முழுச் சேலையையும் சரித்துக்கொண்டு போய்விடுமல்லவா, அதுபோல. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் இந்த இழுவையே பெரியது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்தியத் தட்டு இப்போது வடகிழக்கு நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. நகர்கிறது. பதினைந்து வயது மாணவன் ஒருவன் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 75 செ.மீ., அதாவது தன் இடுப்பளவு தூரம், தான் அறியாமலே பயணம் செய்திருக்கிறான்.

"இதையெல்லாம் கண்டுபிடித்தது வெகனர்தானே?"

கண்டங்கள் நகர்ந்தன என்று 1912இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் முன்வைத்தார். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஓரம் பொருந்துவதையும், இன்று கடலால் பிரிந்துள்ள கண்டங்களில் ஒரே புதைபடிவங்கள் கிடைப்பதையும் சான்றாகக் காட்டினார். நகர்த்தியது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அறிவுலகம் பெரும்பாலும் ஏற்காத நிலையிலேயே 1930இல் கிரீன்லாந்துப் பயணத்தில் இறந்தார். 1950களில் மேரி தார்ப் வரைந்த அட்லாண்டிக் கடலடிப் படத்தில் நடுக்கடல் மலைத்தொடரின் நடுவே ஒரு பிளவு தென்பட்டது. அங்கே புதிய கடலடி பிறந்து இருபுறமும் விலகுகிறது என்று ஹாரி ஹெஸ் 1962இல் எழுதினார். அடுத்த ஆண்டே வைன், மேத்யூஸ் இருவரும், கடலடிப் பாறையில் பதிந்துள்ள காந்தப் பட்டைகளைக் கொண்டு அதற்குச் சான்று காட்ட வழி சொன்னார்கள். ஆகவே வெகனருடையது கண்டப்பெயர்ச்சிக் கொள்கை. புவித்தட்டுக் கொள்கை பலர் சேர்ந்து 1960களில் கட்டியது. தேர்வில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

"மூன்று வகை எல்லைகளையும் மனப்பாடம் செய்தேன். எதில் எரிமலை வரும் என்பதுதான் மறந்துபோகிறது."

மனப்பாடம் வேண்டாம், மேலே சொன்ன குக்கரையும் குல்ஃபிப் பானையையும் நினைத்துக்கொள்ளுங்கள். விலகும் எல்லையில் தட்டுகள் பிரிவதால் கீழிருக்கும் பாறை மேலெழுகிறது, அழுத்தம் குறைகிறது, உருகுகிறது: எரிமலை உண்டு. ஏறத்தாழ 65,000 கி.மீ. நீளத்துக்கு உலகைச் சுற்றி ஓடும் நடுக்கடல் மலைத்தொடர் இப்படி உருவானது. அது நீருக்கு மேலே தலைநீட்டும் இடம் ஐஸ்லாந்து.

இணையும் எல்லையில் கடலடித் தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும்போது, தன் பாறைக்குள் பிடித்துவைத்திருந்த நீரை ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் வெளியிடுகிறது. அந்த நீர் மேலிருக்கும் சூடான கவசத்தை உருக்குகிறது: எரிமலை உண்டு. பசிபிக் கடலைச் சுற்றியுள்ள நெருப்பு வளையம் முழுவதும் ஏறக்குறைய இதுவே. பக்கவாட்டில் உரசிச் செல்லும் எல்லையில் பாறை மேலெழுவதும் இல்லை, நீர் இறங்குவதும் இல்லை. ஆகவே கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் நிலநடுக்கம் உண்டு, எரிமலை எழுவதில்லை.

"இமயமலையிலும் இரண்டு தட்டுகள் மோதுகின்றனவே, அங்கே ஏன் எரிமலை இல்லை?"

நல்ல கேள்வி; உயர்மதிப்பெண் வினாவாகவும் அடிக்கடி வருகிறது. அங்கே இப்போது மோதிக்கொள்வது இரண்டு கண்டப் பகுதிகள். கண்டப் பாறை எடை குறைந்தது என்பதால் கடலடிபோல் ஆழத்துக்கு அமிழாமல் மடிந்து உயர்கிறது. அமிழும் ஈரமான கடலடி இல்லாததால் கவசத்துக்கு நீர் போய்ச் சேர்வதில்லை. மேலோடும் திபெத்துக்கு அடியில் 70 கி.மீ. அளவுக்குத் தடித்துவிட்டது.

ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதல் தொடங்கும்வரை, இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே டெத்திஸ் கடல் இருந்தது. அதன் அடித்தளம் ஆசியாவின் கீழ் அமிழ்ந்துகொண்டிருந்தது. அப்போது அங்கே எரிமலைகள் இருந்தன. அவற்றுக்கு அடியில் ஆழத்தில் உறைந்துபோன மாக்மாவே இன்று லடாக்கில் கிரானைட் மலைகளாக நிற்கிறது. எவரெஸ்டின் உச்சியிலோ கடல் உயிரினங்களின் எச்சங்களைக் கொண்ட சுண்ணாம்புக்கல் இருக்கிறது.

"ஹவாய் எந்த எல்லையிலும் இல்லையே, அது எப்படி?"

ஹவாய் பசிபிக் தட்டின் நடுவில் உள்ளது. அங்கே கவசத்தின் ஆழத்திலிருந்து வழக்கத்தைவிடச் சூடான பாறை தூண்போல மேலெழுகிறது. அந்த இடத்துக்கு வெப்பப்புள்ளி என்று பெயர். உருகுவதற்குக் காரணம் குக்கர் வகைதான். தட்டு மேலே நகர்ந்துகொண்டே போக, வெப்பப்புள்ளி ஏறத்தாழ அதே இடத்தில் நிற்பதால், எரிமலைகள் வரிசையாக உருவாகி ஒவ்வொன்றாக அணைந்துபோகின்றன. நகரும் துணியின் கீழே ஊதுவத்தியைப் பிடித்தால் ஓட்டைகள் வரிசையாக விழுவதுபோல. இந்த விளக்கத்தை 1963இல் கனடாவின் டூசோ வில்சன் தந்தார்.

"மும்பையில் எரிமலை இருந்தது என்று அண்ணன் சொல்கிறான். உண்மையா?"

உண்மை. மும்பையே எரிமலைப் பாறையின் மேல்தான் இருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியத் தட்டு ஒரு வெப்பப்புள்ளியின் மேல் கடந்து சென்றபோது, நீண்ட பிளவுகள் வழியாகக் குழம்பு வெளியேறி, ஆறி, அதன் மேல் மீண்டும் வழிந்து, அடுக்கடுக்காகப் படிந்தது. தக்காணப் பாறைத்தொகுதி (ஆங்கிலத்தில் 'டெக்கான் டிராப்ஸ்') எனப்படும் இதில் இன்று எஞ்சியிருப்பது மட்டுமே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ.; மேற்குத் தொடர்ச்சி மலையில் அடுக்குகளின் மொத்தத் தடிமன் 2 கி.மீ.க்கும் அதிகம். மகாராஷ்டிரத்தின் உயரமான சிகரமான 1,646 மீட்டர் கல்சுபாய் இந்தப் பாறையே. அஜந்தா, எல்லோரா குகைகளும் நம் எலிஃபண்டா குகைகளும் இதில் குடைந்தவையே. கேட்வே ஆஃப் இந்தியா கட்டிய மஞ்சள் கல்லும் பசால்ட்தான், அதாவது குழம்பு வெளியே வந்து ஆறிய பாறைதான்.

அந்தேரி மேற்கில் கில்பர்ட் குன்றைப் போய்ப் பாருங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கரும்பாறை அது. உச்சியில் காவ்தேவி கோயில் இருக்கிறது. கற்றூண்களை நெருக்கமாகக் கட்டிவைத்ததுபோல் அதன் பக்கங்கள் தெரியும். தடித்த குழம்பு மெதுவாக ஆறும்போது சுருங்கி வெடித்துப் பலகோணத் தூண்களாகப் பிளந்த அடையாளம் அது. சேற்றுக்குளம் காயும்போது கட்டம் கட்டமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே செயல். குழம்பு ஓட்டங்களுக்கு இடையே நீண்ட இடைவெளிகளும் இருந்தன. வொர்லியில் இரு எரிமலை அடுக்குகளுக்கு இடைப்பட்ட வண்டல் படிவத்தில் தவளைகளின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. குழம்பு ஓய்ந்திருந்த காலத்தில் அங்கே நீர்நிலையும் உயிர்களும் இருந்தன என்பதற்கு அதைவிட வேறு என்ன சான்று வேண்டும்!

"எது எரிமலைப் பாறை என்று பார்த்ததும் எப்படித் தெரிந்துகொள்வது?"

வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய அம்மி இருந்தால் எடுத்துக் கழுவிவிட்டு வெயிலில் பாருங்கள். தமிழ்நாட்டு அம்மிகள் பெரும்பாலும் கிரானைட் வகைக் கல். வெள்ளை, சாம்பல், கறுப்பு மணிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும், சில மணிகள் மினுக்கும். ஆழத்தில் மெதுவாக ஆறிய பாறையில் படிகங்கள் பெரிதாக வளர நேரம் கிடைத்தது. பிறகு மும்பையில் எங்கேனும் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக் குவித்த கருங்கல்லில் ஒரு சில்லைப் பாருங்கள். ஒரே நிறமாக, மணி தெரியாமல், நெருக்கமாக இருக்கும். வெளியே வந்து விரைவில் ஆறிய பசால்ட் அது. சில சில்லுகளில் பட்டாணி அளவில் வெள்ளைப் புள்ளிகள் பதிந்திருக்கும். குழம்பில் இருந்த வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற குழிகளைப் பிற்காலத்தில் நிலத்தடி நீர் கொண்டுவந்த தாதுக்கள் நிரப்பிய இடங்கள் அவை.

கோடை விடுமுறையில் சென்னை ரயிலில் ஊருக்குப் போகும்போது சன்னலோரம் உட்காருங்கள். கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடையே மலைகள் படிக்கட்டுகளாகத் தெரியும். ஒவ்வொரு படியும் குழம்பு ஓட்டத்தின் விளிம்பு. இந்தப் பாறைத்தொகுதிக்கு ஆங்கிலத்தில் உள்ள 'டிராப்' என்ற பெயரே படிக்கட்டைக் குறிக்கும் சுவீடியச் சொல்லிலிருந்து வந்தது. புணே, சோலாப்பூர் வரை கரிய நிலம் தொடரும். கலபுரகி தாண்டி சஹாபாத், வாடி பக்கம் வெளிறிய சுண்ணாம்புக்கல் அடுக்குகள் வரும்; ராய்ச்சூரை நெருங்கும்போது உருண்ட கிரானைட் குன்றுகள் தொடங்கிவிடும். எரிமலைக் குழம்பு போய் நின்ற எல்லையை ஒரே பயணத்தில் கண்ணால் கடந்துவிடலாம். நான் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்காக விழித்திருப்பேன்.

"அப்படியானால் மும்பையில் மறுபடியும் வெடிக்குமா? வஜ்ரேஸ்வரியில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே!"

அஞ்ச வேண்டாம். ஹவாய் பற்றிய பதிலை நினைவுகூருங்கள்: வெப்பப்புள்ளி நிற்கிறது, தட்டு நகர்கிறது. நம் தட்டு வடக்கே வந்துவிட்டது. வழியில் விட்டுவந்த தடமாக லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றைத் தாங்கும் கடலடி மலைத்தொடர் இருக்கிறது. அந்த வெப்பப்புள்ளி இப்போது மும்பைக்கு 4,000 கி.மீ.க்கும் அப்பால், இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவுக்கு அடியில் உள்ளது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அங்கே பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை இன்றும் அடிக்கடி குழம்பைக் கக்குகிறது.

வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரி ஊற்றுகளுக்குக் குழம்பு தேவையில்லை. பூமியின் மேலோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடுகிறது. மழைநீர் விரிசல்கள் வழியே ஆழமாக இறங்கிச் சூடேறி, வேறொரு விரிசல் வழியே விரைவாக மேலே வந்தால் வெந்நீர் ஊற்று.

"எங்கள் ஊர் கோவில்பட்டி. அங்கேயும் கரிசல் மண்தான். அப்போ அங்கேயும் எரிமலை இருந்ததா?"

தாராவியில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் பல இருப்பதால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். மகாராஷ்டிரக் கரிசல் பெரும்பாலும் பசால்ட் சிதைந்து உண்டானது. ஆனால் கறுப்பு நிறமும், ஈரத்தில் வீங்கி வெயிலில் வெடிக்கும் தன்மையும் எரிமலைக்கு மட்டும் உரியவையல்ல. குறைந்த மழை, நீண்ட வறட்சி, வடிகால் குறைந்த சமநிலம் ஆகியவை சேரும்போது வேறு பாறைகளிலிருந்தும் அத்தகைய களிமண் உருவாகும். கோவில்பட்டி, சாத்தூர்ப் பகுதிக் கரிசல் நைஸ் போன்ற பழைய உருமாறிய பாறைகள் சிதைந்து உண்டானது. அங்கே தக்காண எரிமலைக் குழம்பு எட்டவே இல்லை. 'கரிசல் மண் பசால்ட்டிலிருந்து உருவாகிறது' என்ற பாடநூல் வரி தக்காணத்துக்குப் பொருந்தும். எல்லா ஊருக்கும் பொருந்தாது.

"லோனார் ஏரி எரிமலை வாய்தானே?"

வட்டமாக, பசால்ட் நிலத்தின் நடுவே இருப்பதால் ஒருகாலத்தில் அறிஞர்களும் அப்படி எண்ணினார்கள். புல்டாணா மாவட்டத்திலுள்ள லோனார், விண்கல் மோதியதால் உண்டான பள்ளம். விட்டம் ஏறத்தாழ 1.8 கி.மீ. மிகக் கடுமையான அதிர்ச்சியில் மட்டுமே உருவாகும் மஸ்கெலினைட் என்ற கண்ணாடிப் பொருள் அங்கே கிடைத்தது. எரிமலையால் அதை உருவாக்க முடியாது.

"சில எரிமலைகள் அமைதியாக வழிகின்றன, சில வெடிக்கின்றன. ஏன்?"

குழம்பின் கொழகொழப்பும் அதற்குள் அடைபட்ட வாயுவும் காரணம். சிலிக்கா (மணலில் பெரும்பாலும் இருக்கும் பொருள்) ஏறத்தாழ 50 சதவீதமுள்ள பசால்ட் குழம்பு 1,100 முதல் 1,200 டிகிரிச் சூட்டில் எளிதாக ஓடும். வாயு வழியிலேயே தப்பிவிடும். ஹவாயும் நம் தக்காணமும் பெரும்பாலும் இவ்வகை. சிலிக்கா கூடக் கூடக் குழம்பு களிபோல் கெட்டியாகும். வாயு தப்ப வழியின்றி அழுத்தம் ஏறி முடிவில் வெடிக்கும். அமிழும் எல்லைகளில் நீரும் சேர்ந்திருப்பதால் அங்குள்ள எரிமலைகள் கூடுதல் ஆபத்தானவை.

உயிரிழப்பு பெரும்பாலும் லாவாவால் ஏற்படுகிறது என்று எழுதிவிடாதீர்கள். 1883இல் இந்தோனேசியாவின் கிராக்கட்டோவா வெடித்தபோது இறந்த 36,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரைக் கொன்றது ஆழிப்பேரலை. 1985இல் கொலம்பியாவின் நெவாதோ தெல் ருயிஸ் பெரிய வெடிப்பு அல்ல. உச்சியின் பனி உருகி இறங்கிய சேற்று வெள்ளம் இரவில் ஆர்மேரோ நகரை மூடி 20,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. எச்சரிக்கை வரைபடம் இருந்தும் மக்களை வெளியேற்றவில்லை என்பது இன்றும் நெஞ்சை அறுக்கும் செய்தி. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டூபோ அதைவிடப் பன்மடங்கு பெரிதாக வெடித்தது. அறிகுறிகளைக் கவனித்து முன்கூட்டியே வெளியேற்றியதால் பல்லாயிரம் பேர் பிழைத்தார்கள்.

"இந்தியாவில் இப்போது செயல்படும் எரிமலை எது? உறங்கும் எரிமலை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?"

பேரன் (Barren) தீவு. ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் அந்தமான் கடலில் உள்ளது. இந்தியத் தட்டு கிழக்கே அமிழ்வதால் உண்டானது, அதாவது குல்ஃபிப் பானை வகை. 1787இல் அதன் வெடிப்பு பதிவாகியுள்ளது. பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அமைதியாக இருந்து 1991இல் மீண்டும் வெடித்தது. அதன் பிறகும் பலமுறை செயல்பட்டிருக்கிறது. அதன் வடக்கேயுள்ள நார்கொண்டம் உறங்கும் எரிமலை.

செயல்படும், உறங்கும், தணிந்த என்ற பிரிவுகளுக்கு இடையே கறாரான கோடு கிடையாது. கடந்த ஏறத்தாழ 11,700 ஆண்டுகளில் வெடித்திருந்தால் இனியும் வெடிக்கக்கூடியது என்று கொள்வது பொதுவான வழக்கம்.

"எல்லையில்தான் நிலநடுக்கம் வரும் என்றால் கில்லாரியில் ஏன் வந்தது?"

எல்லையில் வடக்கே அமுக்கப்படும் தட்டின் உட்பகுதியிலும் அந்த அழுத்தம் பரவி, பழைய பலவீனமான பிளவுகளில் சேர்ந்து, எப்போதாவது விடுபடுகிறது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்திலுள்ள கில்லாரியில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததற்கு, கனத்த கல் சுவர் வீடுகள் உறங்கியவர்கள் மேல் சரிந்ததும் பெருங்காரணம். 1967 டிசம்பர் 11 கொய்னா நிலநடுக்கத்துக்கு அணையில் தேங்கிய நீரின் எடையும், விரிசல்களில் ஊடுருவிய நீரின் அழுத்தமும் தூண்டுதலாக அமைந்தன என்று கருதப்படுகிறது. இரண்டுமே எரிமலைச் செயலால் வந்தவையல்ல.

"டைனோசர்களைக் கொன்றது நம் தக்காண எரிமலையா, விண்கல்லா?"

மெக்சிகோவின் சிக்சுலூப்பில் ஏறத்தாழ 10 கி.மீ. அளவுள்ள விண்கல் மோதியதும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். தக்காண வெடிப்புகள் அதற்கு முன்பே தொடங்கி அதன் பின்பும் நீடித்தன. விண்கல்லே முதன்மைக் காரணம் என்பது பெரும்பான்மைக் கருத்து. வெடிப்புகள் வெளியிட்ட கந்தக டை ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் உயிர்களை எவ்வளவு பலவீனப்படுத்தின என்பதில் விவாதம் தொடர்கிறது. பதிலில் இரண்டையும் இந்த வரிசையில் எழுதலாம்.

"தட்டுகள் நகர்ந்ததால்தான் குமரிக்கண்டம் கடலில் மூழ்கியதா?"

இதை மாணவர்களைவிட அப்பாக்களே அதிகம் கேட்கிறார்கள். மதிப்போடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் வைத்தார். மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் இந்திய உயிரினங்களுக்கும் உள்ள உறவை விளக்க, இடையில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். மடகாஸ்கரும் இந்தியாவும் முன்பு ஒட்டியிருந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று தட்டுக் கொள்கை காட்டிய பிறகு, மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே கண்டத்திட்டை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியை, தாண்டினால் கடலடி முழுவதும் மெல்லிய, கனமான பசால்ட் மேலோடு. எடை குறைந்த கண்டப் பாறை அங்கே புதைந்து கிடக்கவில்லை. கண்டங்கள் எளிதில் மூழ்காது என்பதை இமயமலை பற்றிய பதிலில் பார்த்தோம்.

கடல்கோள் பற்றிய நம் இலக்கிய நினைவுக்கு அடிப்படையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. நிலம் இழந்த அனுபவம் கண்டம் மூழ்காமலும் நேரும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. அன்று தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கால் நனையாமல் நடந்தே போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏற ஏற அந்த நிலம் முழுவதும் நீருக்கடியில் போயிற்று.